படுத்தால் தூக்கம் வர...
புழுக்கம், தறிச் சத்தம், விடிகாலை ரயில்: திருத்தணி வட்டாரத்தின் ராத்திரிகள்

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தால் திருச்செந்தூர்க் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. சூரசம்ஹாரம் பார்க்க அவ்வளவு கூட்டம். திருத்தணி மலையில் அன்றைக்குச் சூரசம்ஹாரம் கிடையாது. கூடை கூடையாகப் பூ வந்து இறங்கும், முருகனுக்குப் புஷ்பாஞ்சலி நடக்கும். சூரனோடு போரிட்ட வேகமெல்லாம் அடங்கி அவர் வந்து அமர்ந்த மலை இது என்கிறது தலபுராணம். ஆற வந்த இடத்தில் போரை மறுபடி நடத்திக் காட்டுவதில்லை.

அந்த மலையின் அடிவாரத்துத் தெருக்களில், கத்திரி வெயில் காலத்தில், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நடந்து பாருங்கள். மொட்டை மாடிகளில் செல்போன் வெளிச்சம் மினுங்கும். வாசல் திண்ணையில் விசிறியோடு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். விசாரித்தால் 'தூக்கமே வரலைங்க' என்பார்கள். அடுத்த வீட்டில் அதையே தெலுங்கில் 'நித்ர பட்டலேது' என்பார்கள். 1960 ஏப்ரல் வரை ஆந்திராவோடு இருந்த ஊர், இரண்டு மொழியும் சரளமாகப் புழங்கும். புகார் மட்டும் ஒன்றுதான்.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோடை பிறந்ததும் 100 டிகிரியைத் தாண்டிய ஊர்கள் என்று வானிலை ஆய்வு மையம் வெளியிடும் பட்டியலில் வேலூரும் திருத்தணியும் அடிக்கடி இருக்கும். கடற்காற்று சென்னையைக் குளிரவைத்துவிட்டு இங்கே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அடுத்தது தறி. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு என்று மேற்கே போகப் போக விசைத்தறி ஊர்கள். பல வீடுகளில் தறி ஓடும் இடத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். இன்னொன்று ரயிலும் கம்பெனி பஸ்ஸும். சென்னையில் வேலை பார்ப்பவர்கள் விடிவதற்கு முன்பே ஸ்டேஷனில் நிற்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட் என்றால் மறுவாரம் நைட் ஷிப்ட்.

இவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. படுத்தவுடன் தூங்க ஏதாவது டெக்னிக் இருக்கிறதா?

இருக்கிறது. சிலவற்றை ஆய்வாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவை தலையணையில் தலை வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை. பகல் முழுக்க நடந்த போரை அப்படியே பாய்க்குக் கொண்டுபோய்விட்டு, அங்கே போய் அது அடங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அடங்குவதற்கென்று தனியாகக் கொஞ்ச நேரம் விட வேண்டும். நாம் தவறவிடுவது அந்த நேரத்தைத்தான்.

இரண்டு நிமிட வித்தை

முதலில் ஒரு தப்பான ஆசையை விட்டுவிடலாம். ராணுவ வீரர்கள் இரண்டே நிமிடத்தில் தூங்கும் முறை என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் மூலம் பட் வின்டர் என்ற அமெரிக்க ஓட்டப்பந்தயப் பயிற்சியாளர் எழுதி 1981-ல் வெளிவந்த புத்தகம். முகம், தோள், கை, கால் என்று வரிசையாகத் தளர்த்திக்கொண்டு வரச் சொல்கிறார். தளர்த்துவது நல்லதுதான். ஆனால் இரண்டு நிமிடம் என்ற கெடு உதவாது. நன்றாகத் தூங்கும் ஆரோக்கியமான ஒருவருக்கே கண் அயரப் பத்து முதல் இருபது நிமிடம் பிடிக்கும். தலை சாய்த்த மறுநொடி தூங்கிவிடுகிறேன் என்று பெருமைப்படுகிறவர் பெரும்பாலும் பல நாள் தூக்கத்தைக் கடன் வைத்திருப்பவர். பத்து நிமிடம் ஆனதும் 'ஐயோ, இன்னும் தூங்கலையே' என்று பதறினால் அந்தப் பதற்றமே இன்னும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

மாடித் தொட்டியின் வெந்நீர்

சாயங்காலத்துக்குப் பிறகு உடம்பின் உள்சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கும். அந்த இறக்கத்தோடு சேர்ந்துதான் தூக்கமும் வரும். உள்ளே இருக்கும் சூடு கை, கால், தோல் வழியாக வெளியேற வேண்டும். கையும் காலும் வெதுவெதுப்பாக இருப்பவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்பதை ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-லேயே காட்டினார்கள். கைகால் சூடாகிறது என்றால் அந்த வழியாக உள்சூடு வெளியே போகிறது என்று பொருள்.

திருத்தணிக்காரர்கள் கோடையில் திட்டித் தீர்க்கும் ஒரு விஷயம் இங்கேதான் உபயோகப்படுகிறது. மே மாதத்தில் மாடியில் இருக்கும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் ராத்திரி எட்டு மணிக்கும் வெந்நீராகத்தான் வரும். குழாயைத் திறந்து கை வைத்தால் சுரீர் என்னும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் பல பழைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2019-ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு, 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீரில் பத்து நிமிடம் குளித்தாலே சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகத் தூக்கம் வருகிறது. வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் தோலின் ரத்தக் குழாய்கள் விரியும். குளித்து முடித்த பிறகு உள்சூடு வேகமாக இறங்கும். வெயில் தாங்காமல் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் அந்த நேரத்துக்குச் சுகம்தான், ஆனால் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். ஆகவே பத்தரைக்குப் படுப்பதாக இருந்தால் ஒன்பது மணிவாக்கில் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே குளித்துவிடுங்கள். முடியாதவர்கள் கைகால் முகமாவது கழுவலாம். 'கால் கழுவிட்டுப் படு' என்று பாட்டிகள் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

அறைக்கும் ஒரு வார்த்தை. கான்கிரீட் தளம் பகலில் குடித்த வெயிலை நள்ளிரவு வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். பொழுது சாய்ந்ததும் மாடியில் தண்ணீர் ஊற்றிவிட்டால் அது ஆவியாகும்போது தளத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். வெளிக்காற்று குளிர்ந்த பிறகு, ஒரு ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வைத்து, எதிர் ஜன்னலைத் திறந்து விடுங்கள். உள்ளே தேங்கிய அனல் வெளியே போய் வெளிக்காற்று உள்ளே வரும். கொசுவலை அடித்த ஜன்னலாக இருக்க வேண்டும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

விழித்திருக்கிறேன் என்று சபதம்

வைகுண்ட ஏகாதசி ராத்திரியில் பரமபத சோபான படத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு விடிய விடியக் கண் விழிப்பேன் என்று சபதம் போட்ட பிள்ளைகள் முதல் பாம்பு கடிப்பதற்குள் சுருண்டுவிடுவார்கள். டிசம்பர் 31 ராத்திரி திருத்தணிப் படித் திருவிழாவிலும் இதைப் பார்க்கலாம். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்த விழா அது. பஜனைக் குழுக்கள் திருப்புகழ் பாடிக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து மேலே ஏறுவார்கள். ஜால்ரா, மிருதங்கம், மைக் எல்லாம் காதருகே ஒலிக்கும். அதற்கு நடுவே படியோரத்தில், அம்மாவின் மடியில், துண்டை விரித்த தரையில் என்று அசந்து தூங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் யாரும் தூங்க முயற்சி செய்யவில்லை. விழித்திருக்கத்தான் முயன்றார்கள்.

மனநல மருத்துவத்தில் இது ஒரு சிகிச்சை முறையாகவே இருக்கிறது. வியன்னாவின் விக்டர் ஃபிராங்கிள் முன்வைத்த எண்ணம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தூக்கம் வராதவர்களிடம் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். விளக்கை அணைத்துப் படுத்து, கண்ணைத் திறந்தபடியே 'இன்னும் கொஞ்ச நேரம் சும்மா விழித்திருப்போம்' என்று இருக்க வேண்டும். போனைப் பார்க்கக் கூடாது, எழுந்து நடமாடக் கூடாது, அவ்வளவுதான். தூங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் விலகியதும் பயம் குறைகிறது, இமை தானாகக் கனக்கிறது. செலவில்லாத இந்த முறையைப் பதற்றக்காரர்கள் முதலில் முயன்று பார்க்கலாம் என்பேன்.

தலைக்குள் ஓடும் கணக்கு

எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் தூக்கத்தைக் கெடுப்பதில் வெயிலுக்கும் சத்தத்துக்கும் மேலே நிற்பது கணக்கு. திங்கட்கிழமை குழுத் தவணை, நூல் விலை, பையனின் காலேஜ் ஃபீஸ், அடகில் இருக்கும் நகை. பகலில் வேலை மும்முரத்தில் ஒதுங்கி நின்றதெல்லாம் விளக்கை அணைத்ததும் வரிசைகட்டி வரும். கடனை எந்த டெக்னிக்கும் அடைக்காது. ஆனால் கணக்கைப் படுக்கைக்கு வெளியே இறக்கிவைக்க முடியும்.

அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு, படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம், செய்து முடித்த வேலைகளை எழுதியது. மற்றது, இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியது. 2018-ல் வெளியான முடிவின்படி இரண்டாவது பிரிவினர் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். டைரி வாங்க வேண்டாம், கரன்ட் பில்லின் பின்பக்கம் போதும். 'தவணை 1,150 - அண்ணனிடம் 500 கேட்க வேண்டும், காலையில் போன்' என்ற அளவுக்கு எழுதி, அடுத்த அறையில் வைத்துவிட்டு வர வேண்டும்.

அப்புறமும் மனம் அலைந்தால் அதற்குப் போக ஓர் இடம் கொடுக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில் அலிசன் ஹார்வியும் சக ஆய்வாளரும் 2002-ல் செய்த ஆய்வில், மனசுக்குப் பிடித்த அமைதியான ஒரு காட்சியை நுணுக்கமாகக் கற்பனை செய்தவர்கள், எந்த யோசனையும் சொல்லப்படாமல் விடப்பட்டவர்களைவிடச் சீக்கிரம் தூங்கியதாகச் சொன்னார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது போதாது. எண்ணுவது அவ்வளவு சுலபம் என்பதால் மனசு பக்கத்திலேயே கவலைப்படவும் இடம் கண்டுபிடித்துவிடும். காட்சி என்றால் மனம் முழுக்க அதில் இறங்க வேண்டியிருக்கிறது.

திருத்தணிக்காரர்களுக்குக் காட்சிக்குப் பஞ்சமில்லை. சரவணப் பொய்கையில் தொடங்குங்கள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தை ஒன்று ஈரத்தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. அதைத் தாண்டி முதல் படி. வருஷத்தின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள் என்பார்கள். எண்ணாதீர்கள். வெறுங்காலில் கல்லின் சொரசொரப்பு எப்படி இருக்கிறது, மஞ்சள் குங்குமம் இட்ட படி எது, கற்பூரம் எரிந்த கறுப்புத் திட்டு எங்கே என்று பாருங்கள். இளைப்பாற உட்காருங்கள். பூக்கட்டும் அம்மாவின் விரல்கள் நாரில் முடிச்சுப் போடுவதைக் கவனியுங்கள். திரும்பிப் பார்த்தால் கீழே ஊர், ஸ்டேஷன், தெற்கே அரக்கோணம் நோக்கிப் போகும் ரயில் பாதை. நடுவில் தவணை ஞாபகம் வந்தால் சண்டை பிடிக்காமல் விட்ட படிக்குத் திரும்புங்கள். கோயிலில் நம்பிக்கை இல்லாதவர் தாத்தா வீட்டுத் தோப்பில் நடக்கலாம்.

மூச்சுக்கும் தசைக்கும் உள்ள பயிற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு எண்ணும் வரை இழுத்து, ஏழு வரை நிறுத்தி, எட்டு வரை விடும் முறையை ஆண்ட்ரூ வெயில் என்ற மருத்துவர் பிரபலமாக்கினார். அதில் முக்கியம், வெளிமூச்சு நீளமாக இருப்பது. அப்போது இதயத் துடிப்பு தணிகிறது. இளைப்பு உள்ளவர்கள் மூச்சை நிறுத்தாமல் மெதுவாக விட்டாலே போதும். தசைப் பயிற்சி எட்மண்ட் ஜேகப்சன் 1929-ல் புத்தகமாக எழுதியது. முஷ்டியை ஐந்து வினாடி இறுக்கி, சட்டென்று விட வேண்டும். பிறகு முழங்கை, தோள், தாடை, வயிறு, தொடை, பாதம். நாள் முழுக்கத் தறியில் குனிந்து அறுந்த நூலை முடிந்தவரின் தோள்கள் படுத்த பிறகும் உயர்ந்தேதான் இருக்கும். ஒரு முறை இறுக்கி விட்டால்தான் அவருக்கே அது தெரியும்.

சுருட்டி வைத்த பாய்

தூக்க மருத்துவர்கள் அதிகம் நம்பும் முறை இதெல்லாம் இல்லை. ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் வகுத்த சில விதிகள்தான். தூக்கம் கண்ணைச் சுற்றும்போது மட்டும் படுக்கைக்குப் போ. அங்கே தூக்கமும் தாம்பத்தியமும் தவிர வேறு எதுவும் வேண்டாம். சுமார் இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்தில் உட்கார், கண் சொருகும்போது திரும்பி வா. கடிகாரத்தைப் பார்க்காதே. எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழு. படுக்கை என்றதும் மூளைக்குப் புரளல் ஞாபகம் வருகிறதா, தூக்கம் ஞாபகம் வருகிறதா என்பதுதான் விஷயம்.

நம் வீடுகளில் கோரைப்பாய் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. ராத்திரி விரிப்பார்கள், விடிந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்துவார்கள். பகலில் படுக்கை என்று ஒரு பொருளே கிடையாது. இப்போது கட்டில்தான் சோபா, அதில்தான் சாப்பாடு, சீரியல், ரீல்ஸ், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், சண்டையும் கூட. ஒரே அறை உள்ள வீட்டில் எழுந்து எங்கே போவது என்று கேட்பது நியாயமான கேள்வி. வாசல்படி போதும். அதுவும் இல்லையென்றால் படுக்கையிலேயே எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால்கூடப் புரள்வதைவிட மேல். போன் மட்டும் கைக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் ஏறட்டும்.

விதிகளில் ஒன்றைத்தான் பின்பற்ற முடியும் என்றால் எழும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் தூக்கப் பசியைக் கூட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை படுத்தால் அன்று ராத்திரி பசி இல்லாமல் பந்தியில் உட்கார்ந்த மாதிரிதான். டீயும் அந்தப் பசியை மறைக்கும். காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி ஏழு மணிக்குத் தறிக்கு வரும் டீ பன்னிரண்டு மணிக்கும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும்.

சென்னையில் கட்டிய கைப்பட்டை

எல்லாப் பொறுப்பையும் தூங்குகிறவர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று சொல்ல நம் பக்கத்து ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரின் மணிக்கட்டில் அசைவைப் பதியும் கருவியைக் கட்டி, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் அவர்களின் தூக்கத்தை அளந்தார்கள். 2021-ல் வெளியான அந்த ஆய்வு காட்டியது இது: ராத்திரி சுமார் எட்டு மணி நேரம் படுக்கையில் இருக்கிறார்கள், தூங்குவதோ ஐந்தரை மணி நேரம். புழுக்கம், கொசு, சத்தம், வெளிச்சம், நெருக்கடி என்று தூக்கம் மறுபடி மறுபடி அறுபடுகிறது.

கண்பட்டை, காதடைப்பான், மெத்தை, ஃபேன் மாதிரிப் பொருட்களும் யோசனைகளும் கொடுத்தபோது தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் படுக்கையில் இருந்த நேரமும் கூடித்தான் அது வந்தது. தூக்கத்தின் தரம் அப்படியேதான் இருந்தது. வேலையிலும் கவனத்திலும் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை. ஆச்சரியம் மதியத்தில் இருந்தது. வேலை செய்யும் இடத்திலேயே அமைதியான ஓரிடத்தில் அரை மணி நேரம் படுக்க விட்டபோது, சும்மா இடைவேளை எடுத்தவர்களைவிட அவர்களின் வேலை வேகம், கவனம், மன நலம் மூன்றும் மேம்பட்டன. அந்த அரை மணியும் உழைத்தவரோடு ஒப்பிட்டால் கூலி குறையத்தான் செய்தது. அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் தறிக்கூடத்திலும் கம்பெனியிலும் மதியம் தலைசாய்க்க ஒரு மூலை ஒதுக்குவது சோம்பலுக்கு இடம் கொடுப்பதாகாது என்று முதலாளிகளிடம் சொல்ல இந்த ஆய்வு போதும். ராத்திரி தூக்கம் வராத வியாதி உள்ளவர்களுக்கு மட்டும் பகல் தூக்கம் ஆகாது. மற்றவர்களுக்கு மூன்று மணிக்கு முன்னால் இருபது நிமிடம் நல்லது.

மாத்திரையும் குவார்ட்டரும்

குடித்தால் சீக்கிரம் தூக்கம் வருவது உண்மைதான். ஆனால் ராத்திரியின் பின்பாதியை மது உடைத்துவிடும். மூன்று மணிக்கு வாய் வறண்டு விழித்துக்கொள்வது அதனால்தான். குறட்டையும் கூடும். தூக்க மாத்திரை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாதது. சளி மாத்திரையைத் தூக்கத்துக்காகத் தினம் போடுகிறவர்களும் உண்டு. மறுநாள் மந்தமாக இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியவருக்கு அது ஆபத்து.

வாரத்தில் மூன்று ராத்திரியாவது தூக்கம் வராமல் அது மூன்று மாதம் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். உரத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல், நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை இல்லை, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை என்று பரிந்துரைத்தது. பூட்சினின் விதிகள் அதன் ஒரு பகுதி. மனசு கனத்து, வாழ்வே வெறுத்துத் தூக்கம் போயிருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் தெலுங்கிலும் பேசுவார்கள்.

நைட் ஷிப்ட் முடிந்து வெயிலில் வீடு திரும்புகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அவர்கள் பஸ்ஸிலேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் ஜன்னலில் கனத்த துணி கட்டி, வெயில் ஏறுவதற்குள் படுத்துவிட வேண்டும். வீட்டிலிருப்பவர்கள் மிக்ஸியையும் டிவியையும் நாலு மணி நேரம் தள்ளிப்போட்டு உதவலாம். ஷிப்ட் அட்டவணை போடுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் ஷிப்டை உடம்பு ஓரளவு ஏற்றுக்கொள்ளும், இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கி மாற்றினால் தடுமாறும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையின்போது இந்த வரிசையையும் கேட்டு வாங்கலாம்.